கோடைப் படங்களும் இடது பக்கக் கதவும்

ஏப்ரல் 12, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், அவள், குட்டி மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவின் இரத்த அழுத்தம் இறங்கியதா?

மாற்றலாகிப் போன ஊரில் ஒரு தியேட்டர்கூடக் கிடையாது என்று எழுதியிருந்தாய். தீயணைப்பு அதிகாரியான மாமாவுக்குத் தியேட்டர் சோதனை என்று ஒரு வேலை மிச்சம். உனக்குத் தண்டனை. ஆறு வயதில் என்னைக் கைப்பிடித்து மேட்னிக்குக் கூட்டிப்போய்க் கெடுத்தவள் நீ. அந்தக் கடனுக்காகவாவது இந்தக் கோடைப் படங்கள் எல்லாம் உனக்குக் கடிதத்தில் ஓடட்டும். ஃபோனில் சொன்னால் ருசி இல்லை. உங்கள் ஃபோன் இருப்பது மாமா செய்தி கேட்கிற அறையில். நீ "ம், ம்" என்பதோடு சரி.

வெள்ளிக்கிழமை மூக்குக் கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போலீஸ் படத்துக்குப் போனேன். கதாநாயகன் முதலில் பூட்ஸாக வருகிறான், பிறகு பெல்ட்டாக, பிறகு கைக்கடிகாரமாக. முகம் வருவதற்குள் பாப்கார்ன் பாதி காலி. வில்லன் நன்றாக நடித்துத் தொலைத்துவிட்டான். இடைவேளைக்குப் பிறகு ஜனங்கள் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆனால் ஒரு காட்சி, அக்கா. கான்ஸ்டபிள் மனைவியாக வருகிற பெண் அவன் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே, "இன்னிக்காவது சீக்கிரம் வருவீங்களா?" என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்வதற்குள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிடுகிறாள். பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிஷத்துக்காக மீதி இரண்டரை மணி நேரத்தை மன்னித்தேன்.

நம் பழைய தியேட்டர்தான். கூட்டம் தாங்காமல் நடைபாதையில் நாற்காலி போட்டிருந்தார்கள். காற்று வாங்கலாம் என்று இடது பக்கக் கதவுக்குப் போனால் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. மேனேஜரிடம் கேட்டேன். "திறந்து வெச்சா டிக்கெட் இல்லாம உள்ள பூந்துடறாங்க சார்" என்றார். மாமா இங்கே இருந்திருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பார்.

அடுத்த படம் பார்த்ததும் எழுதுகிறேன்.

உன்
தம்பி

*

ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வெயிலில் கொஞ்சம் கருணை காட்டுகிறது. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தப் பட்டன் தைக்கிற பெண் யாருடா? இதற்கு முன் எதில் வந்தாள்? அவள் புடவை என்ன நிறம்? எல்லாம் எழுத மாட்டாயா? கதாநாயகன் பூட்ஸாக வந்தான் என்பதைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்று சொல்கிறேன், கேள். முதல் நாள் போய் இடிபடாதே. இரண்டாவது வாரம் போ. முன்வாசலுக்குப் பக்கத்தில், பின்வரிசையில், ஓரமாக உட்கார். படம் ஓடிவிடாது.

குட்டிக்கு என் முத்தம்.

அக்கா

*

ஏப்ரல் 26

அன்புள்ள அக்கா,

நலம். குட்டிக்கு இரண்டு நாள் ஜுரம், இப்போது தேவலை. புடவை கத்தரிப்பூ நிறம், போதுமா?

பின்வரிசை ஓரத்தில் உட்காரச் சொல்கிறாய். படம் பார்க்கிற விஷயத்தில் நடுவரிசைக்குக் குறைந்து நீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லையே! வயதாகிவிட்டதா?

வெள்ளிக்கிழமை பேய்ப் படம். குட்டி அடம்பிடித்ததால் கூட்டிப்போனேன். பேய் கண்ணுக்குத் தெரியாத வரையில் பிரமாதம். மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம், அவ்வளவுதான். எனக்கே கழுத்து முடி நட்டுக்கொண்டது. இடைவேளைக்குப் பிறகு பேயைக் காட்டினார்கள். போயிற்று. பேய்க்கு மேக்கப் போட்டவர் கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிறவர் போலிருக்கிறது. குட்டி, "அப்பா, பேய்க்கு லிப்ஸ்டிக்" என்று உரக்கச் சொல்ல, மூன்று வரிசை சிரித்தது.

அடுத்து நடந்ததுதான் சிரிப்பு இல்லை. மின்சாரம் போயிற்று. பத்து நிமிஷம் கும்மிருட்டு. முதலில் எல்லோரும் விசில் அடித்தார்கள். பிறகு ஒயர் கருகுகிற வாடை வந்தது. விசில் நின்றது. எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றது இருட்டிலும் தெரிந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கக் கதவுக்குப் போனேன். அதே சங்கிலி. எனக்குப் பின்னால் ஆள் மேல் ஆளாக வந்து முட்டுகிறார்கள். "பூட்டியிருக்கு, திரும்புங்க!" என்று கத்தினேன். கடைசி ஆளுக்குக் கேட்டால்தானே. ஒரு கிழவரின் மூக்குக் கண்ணாடி என் காலடியில் நொறுங்கியது. அதற்குள் விளக்கு வந்துவிட்டது. எல்லோரும் அசடு வழியச் சிரித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். படம் திரும்ப ஓடியது. அதுதான் எனக்குப் பேயைவிடப் பயமாக இருந்தது.

மேனேஜரைப் பிடித்தேன். "தீயணைப்புத் துறை சர்ட்டிஃபிகேட் இருக்கு சார். வாசல்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கோம், போய்ப் பாருங்க" என்றார். குட்டி அழுதுகொண்டிருந்தாள், பார்க்காமல் வந்துவிட்டேன். ஜனவரியில் கொடுத்ததாம். மாமா மாற்றலானதும் அந்த மாதக் கடைசியில்தானே? அவரைக் கேட்டு எழுது.

உன்
தம்பி

*

மே 11

தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் வேலை.

மாமாவைக் கேட்கவில்லை. அவருக்கு அழுத்தம் மறுபடி ஏறியிருக்கிறது. இந்த மாதிரி விஷயங்களை இனிமேல் கடிதத்தில் எழுதாதே. அவரும் சில சமயம் எடுத்துப் படிக்கிறார்.

குட்டியை இனி அங்கே கூட்டிப் போகாதே.

அக்கா

*

மே 17

அன்புள்ள அக்கா,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்பதற்கே இந்த முறை யோசனையாக இருக்கிறது.

பேய்க்கு லிப்ஸ்டிக் போட்டதாக எழுதியும் நீ ஒரு வரி சிரிக்கவில்லை. இருட்டில் குட்டிக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. கூட்டிப் போகாதே என்று மட்டும் எழுதியிருக்கிறாய். முப்பது வருஷமாக, மாமாவுக்கு ஊர் மாறும்போதெல்லாம் நீ எழுதிய கடிதங்களைப் படிக்கிறவன் நான்.

வெள்ளிக்கிழமை போனேன். ஊமையாகிப்போன பஸ் கண்டக்டரின் கதை. பெரிய நடிகர் யாரும் இல்லை, நாலு நாளில் தூக்கிவிடுவார்கள். இந்தக் கோடையில் வந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நானும் பார்த்தவன்தான், ஆனால் திரையை எங்கே பார்த்தேன்? கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் ஐந்து. மூன்றில் பூட்டு. நாலாவதற்கு முன்னால் குளிர்பானப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. அறுநூறு பேருக்கு முன்வாசல் ஒன்றுதான் வழி.

பிறகு வாசலில் மாட்டியிருப்பதைப் படித்தேன். சான்றிதழில் மாமாவின் கையெழுத்து. கீழே இன்னொரு சட்டத்தில் ஆய்வு அறிக்கை. "வெளியேறும் கதவுகள் ஐந்தும் தடையின்றித் திறக்கின்றன" என்று கையால் எழுதியிருக்கிறது. நான் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவன், எழுத்து எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

ஜூன் 12ஆம் தேதி பெரிய நடிகரின் படம் வருகிறது. ஊரே போகும். குட்டி வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இப்போதே கிளம்பி நிற்கிறார்கள். அதற்குள் அந்தக் கதவுகள் திறக்க வேண்டும். மாமா ஒரு ஃபோன் செய்தால் போதும். செய்யாவிட்டால் நான் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவேன். எழுதினால் யார் கையெழுத்து என்றுதான் முதலில் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

உன்
தம்பி

*

மே 30

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்கப்போவதில்லை என்று எழுதியதை நானே சொல்லிவிடுகிறேன். அது என் எழுத்து.

மாற்றல் உத்தரவு வந்த வாரம் உன் மாமாவுக்கு நல்ல காய்ச்சல். முடிக்க வேண்டிய கோப்புகள் நாற்பது. "கோடை வருது, தியேட்டர் ஃபைலை இழுத்தடிக்காதீங்க" என்று மேலதிகாரி வேறு ஃபோனில் அதட்டினார். எழுந்து உட்காரக்கூட அவருக்குத் தெம்பில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். "கதவுகள்?" என்று கேட்டேன். "போன வருஷம் நானே போய்ப் பார்த்தேன், எல்லாம் திறந்துச்சு. திறக்குதுன்னு எழுது" என்றார். எழுதினேன். தடையின்றி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. எழுதும்போது நன்றாக இருக்கட்டுமே என்று நான்தான் சேர்த்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. எரிகிற கட்டடத்துக்குள் இரண்டு முறை போய் ஆளைத் தூக்கி வந்தவர். இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. இந்த ஒரு கையெழுத்தால் எல்லாம் போய்விடும்.

நீ எங்கும் எழுத வேண்டாம். மாமா மேனேஜரிடம் பேசிவிட்டார். பூட்டை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். நிம்மதியாக இரு.

குட்டியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஜூன் 10

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கத் தெம்பில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று மத்தியானம் தியேட்டருக்குப் போனேன். சங்கிலி அப்படியே இருக்கிறது. பூட்டு மட்டும் புதிது. "யாராவது ஃபோன் செய்தார்களா?" என்று மேனேஜரிடம் கேட்டேன். "எதுக்கு சார்?" என்றார். அவர் நடிக்கவில்லை. நடிப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் நான்.

மாமா பேசவில்லை, இல்லையா?

புகாரை எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். தபால் பெட்டி வரைக்கும் போனேன். கை பெட்டியின் வாய்க்குள் போயிற்று. உறையை விட முடியவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நீ படித்துப் படித்து எழுதுவது கண்ணுக்கு முன்னால் வந்தது. திரும்பிக் கடைக்கு வந்துவிட்டேன். உறை மேஜை டிராயரில் இருக்கிறது.

நான் பெரிய பேச்சுப் பேசினேன். அவ்வளவுதான் என் சாமர்த்தியம். குட்டியை அனுப்ப மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்தப் பார்க்கிறேன். மற்ற அறுநூறு பேருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நல்லபடியாகக் கழிய வேண்டும். அதற்குப் பிறகு சனி இருக்கிறது, ஞாயிறு இருக்கிறது.

தம்பி

*

ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் வர இன்னும் அரை மணி இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன கடிதத்தில் உன்னிடம் பொய் சொன்னேன். மாமா ஃபோனைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். "இப்ப நான் பேசினா, பார்க்காம போட்டேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார். நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை. உன்னைச் சமாதானப்படுத்திவிட்டால் போதும் என்று நினைத்தேன். நீ அடங்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். நீ அடங்கிய பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. தட்டில் கை வைத்தால் "பூட்டியிருக்கு, திரும்புங்க" என்று நீ கத்தினது கேட்கிறது.

இன்று காலை டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு வந்தேன். இரண்டு பக்கம் எழுதி, பெயர் போட்டு, முகவரி போட்டுக் கொடுத்தேன். அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னம்மா, வீட்டுக்காரர் மேலேயே புகாரா?" என்றார்.

"என் மேலயும்தான் சார். ரெண்டாவது பாராவைப் படிங்க."

படித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். "நாளைக்கே ஆள் போகும். நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார்.

வீட்டுக்குத்தான் போகிறேன். போய் அவரிடம் முதலில் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று இங்கே உட்கார்ந்து யோசிக்கிறேன். பஸ் வந்துவிட்டது.

அக்கா

*

ஜூன் 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் உறையை டிராயரில் போட்ட அதே நாளில் நீ அங்கே நின்றிருக்கிறாய். அதை நினைத்தால் நிமிர்ந்து எழுத முடியவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்? மாமா என்ன சொன்னார்? ஒரு வரியாவது எழுது.

வியாழக்கிழமை மத்தியானம் தியேட்டருக்குச் சீல் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பெரிய கூட்டம். ஒருவருக்கும் கதவைப் பற்றிக் கவலை இல்லை, படம் போய்விட்டதே என்றுதான் ஆத்திரம். கதவைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டது ஊரில் நான் ஒருவன்தானே. மேனேஜர் பத்துப் பதினைந்து பேரோடு நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

"எழுதிக் குடுத்தது நீதானய்யா?"

அன்று காலைதான் உன் கடிதம் வந்திருந்தது. உன் பெயர் வெளியே வரக் கூடாது என்று ஒரு கணம் தோன்றியது. "ஆமா, நான்தான்" என்றேன்.

"நாப்பது பேரு வேலை செய்யறாங்க அங்க. அவங்க வீட்டுல போய்ச் சொல்லு, நான்தான்னு!"

பின்னால் இருந்து எவனோ கல்லை விட்டான். ஷோகேஸ் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. யாருக்கும் அடி இல்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. "ஒரு வாரம் வீட்டுல இருங்க" என்றார், அவ்வளவுதான். குட்டியோடு அவள் சிநேகிதிகள் பேசுவதில்லை.

படத்தைப் பக்கத்து ஊரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுமாராம். இரண்டாம் பாதி இழுவையாம். இதற்காகவா என்று சிரிக்கத் தோன்றுகிறது, சிரிப்பு வரவில்லை. ஒன்றும் நடக்காமல் போனதால் நாம் செய்தது சரிதானா என்று யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. நாம் என்று எழுதிவிட்டேன். நீ என்று படித்துக்கொள்.

உன்
தம்பி

*

ஜூலை 2

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

உடம்பு நலம். குட்டியை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

உன் மாமாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அன்று மாலையே சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினார். அதிலிருந்து இருபது நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், மாத்திரையைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை.

நேற்று விசாரணை முடிந்து வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த எழுத்து யாருதுன்னு கேட்டாங்க. என்னுதுதான், காய்ச்சல்ல கை நடுங்கினதால வேற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டேன். நீ உன் மேல போட்டுக்கிட்டது என்னைக் காப்பாத்தத்தான்னு எழுதிக்கிட்டாங்க. உன் பேரு அதுல இல்ல."

"யாரைக் கேட்டு என் பேரை எடுத்தீங்க?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "உனக்காகத்தான்."

"எனக்காகன்னா, நான் எழுதினதை நான் எழுதினேன்னே சொல்லியிருக்கணும்."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார். அரை மணி கழித்து வந்து, "காப்பி இருக்கா?" என்று கேட்டார். இப்போதைக்கு அவ்வளவுதான் பேச்சு.

இப்போது உனக்கு வருகிறேன். அவர் அங்கே ஒரு பொய் சொன்னார், நீ இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கிறாய். இரண்டும் என் மேல் உள்ள பிரியத்தில்தான், தெரியும். ஆனால் யோசித்துப் பார். தப்பு வரியை எழுதியதும் நான், அதைப் போய்ச் சொன்னதும் நான். என் வாழ்க்கையில் நானாகச் செய்த காரியம் இவை இரண்டுதான். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். நீ மற்றதை எடுத்துக்கொண்டாய். எனக்கென்று என்னடா மிச்சம்?

மேனேஜரிடம் போய் நிஜத்தைச் சொல். பெயரோடு சொல். 13ஆம் தேதி நானும் விசாரணைக்கு வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன். அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். முதலாளி சொன்ன ஒரு வாரம் மூன்று வாரமாகி, இன்று முதல்தான் கடைக்குப் போகிறேன்.

சொல்லிவிட்டேன். முதலில் முதலாளியிடம், பிறகு மேனேஜர் வீட்டுக்கே போய். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"புகார் குடுத்தது நான் இல்லை சார். எழுதி வெச்சேன், போட தைரியம் வரல. குடுத்தது எங்க அக்கா. அதிகாரியோட சம்சாரம். அந்த அறிக்கையை எழுதினதும் அவங்கதான். அதையும் சேர்த்துத்தான் எழுதிக் குடுத்தாங்க."

பேப்பரை மடித்தார். "நடு வரிசையில உக்காருவாங்களே, இடைவேளைக்குக்கூட எழுந்திரிக்க மாட்டாங்க, அந்த அம்மாவா?"

"அவங்களேதான்."

திரும்பப் படியில் உட்கார்ந்தார். என் மேல் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். "அவரு வேலையும் போச்சா?" என்றார். நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். "சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். உட்காரச் சொல்லவில்லை.

நீ விசாரணைக்குத் தனியாகப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். குட்டியும் வருவாள். மாமாவின் முன்னால் என்ன பேசுவது என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், எதுவும் சரியாக வரவில்லை. அவர் கதவைத் திறந்து, "நீயா?" என்று கேட்டால், "ஆமா மாமா, நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பேன். அவர் உள்ளே வா என்கிற வரைக்கும் நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் நீ வந்து கூப்பிடாதே.

உன்
தம்பி